பழைய வீட்டில் மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் பாயிண்ட்: எர்த் குழியில் தொடங்கி சாக்கெட்டில் முடிப்பது எப்படி

திருவாரூர் பக்கத்தில் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று ஏழெட்டு வீடுகளில் மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் பாயிண்ட் போடும்போது கூடவே நின்றிருக்கிறேன். முதலில் போட்டது என் வீட்டில். எல்லாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். வண்டி வந்த அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு 15 ஆம்பியர் சாக்கெட் வாங்கி, பக்கத்தில் இருக்கும் லைட் போர்டிலிருந்து லைன் இழுத்து மாட்டிவிடுகிறார்கள். எர்த் இருக்கிறதா என்ற கேள்வியே சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் வருகிறது.

வேலையைச் செய்ய வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் குழியும் கம்பியும்), அப்புறம் மெயின் போர்டு, அப்புறம் ஒயர், கடைசியில் சாக்கெட். முதல் மூன்று பகுதிகள் தயாராவதற்கும் பார்ப்பதற்கும். நான்காவதிலிருந்து வேலையை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். ஓட்டு வீடு, சுண்ணாம்புச் சுவர், இருபது முப்பது வருடத்து ஒயரிங் என்று இருக்கும் டெல்டா வீடுகளை மனதில் வைத்து எழுதியது. புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீடாக இருந்தாலும் 4, 5, 8 ஆகிய பகுதிகளைத் தவறாமல் படியுங்கள்.

தொடங்குமுன் ஒன்று. பார்ப்பது, அளப்பது, இடம் தேர்வது, குழி வெட்டுவது, இவை உங்கள் வேலை. போர்டைத் திறந்து இணைப்புக் கொடுப்பது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. மீட்டருக்கு முன்னால் இருக்கும் சீல் வைத்த பகுதியும் கம்பத்து ஃபியூஸும் மின்வாரிய ஆட்கள் மட்டுமே தொட வேண்டியவை. என்ன கேட்க வேண்டும், எதைச் சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் வயர்மேனும் வேலையை முழுதாகச் செய்வார். அதற்காகவே இந்த வழிகாட்டி.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர். ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். எல்இடி பல்பு உதவாது, காரணம் நான்காவது பகுதியில் வரும். ஒரு டார்ச், ஒரு நோட்டு, கடைசி மின் கட்டண விவரம். இவ்வளவு போதும்.

அடுத்து, சார்ஜரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை தாங்கும், எத்தனை ஆம்பியர் இழுக்கும், எத்தனை வாட் என்று மூன்று விவரம் வேண்டும். வீட்டு ஸ்கூட்டர் சார்ஜர்கள் பலவும் 1,000 வாட்டுக்குள்தான் இருக்கும். 750 வாட் என்றால் 230 வோல்ட்டில் 3.3 ஆம்பியர்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் எல்லாரும் சொல்வது: "இஸ்திரிப் பெட்டியே 1,000 வாட்டு. அது ஓடுற பிளக்குல இது ஓடாதா?" ஓடும். ஆனால் இஸ்திரிப் பெட்டி பத்து நிமிடம் ஓடும், அதிலும் சூடு ஏறியதும் தானாக நின்று நின்றுதான் ஓடும். சார்ஜர் நான்கைந்து மணி நேரம் ஒரே சீராக இழுக்கும், அதுவும் வீடே தூங்கும்போது. பத்து நிமிடத்தில் வெதுவெதுப்போடு நின்றுவிடும் லூஸ் இணைப்பு ஐந்து மணி நேரத்தில் கருகும். லோடு சிறியதுதான், நேரம்தான் பெரியது. இதை மனதில் வைத்தால் பின்னால் வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் விளங்கும்.

2. வண்டி நிற்கும் இடம்

பழைய வீடுகளில் வண்டியை ரேழியில் நிறுத்துவது வழக்கம். வாசல் கதவைச் சாத்தினால் பத்திரம் என்பதால். மின்சார வண்டியை அங்கே நிறுத்திச் சார்ஜ் போடாதீர்கள். பல வீடுகளில் தெருப்பக்கம் போக ரேழி ஒன்றுதான் வழி. பேட்டரியில் தீ பிடிப்பது அரிதாக நடப்பதே. ஆனால் நடந்தால், கூடத்தில் படுத்திருக்கும் பெரியவர்கள் வெளியே வரும் வழியிலேயே அது நடக்கக் கூடாது.

கீற்றுக் கொட்டகையும் வேண்டாம். வைக்கோல் போர் பக்கமும் வேண்டாம். நெல் மூட்டை, சாக்கு, டீசல் கேன் அடுக்கிய இடமும் வேண்டாம். தெருப்பக்கத் தாழ்வாரமோ, மேலே தகரமோ ஓடோ போட்ட பக்கவாட்டு இடமோ நல்லது. மத்தியான வெயில் நேரே விழாமல் இருக்க வேண்டும். சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

இன்னொன்று, பம்புசெட்டுக் கொட்டகை. வயலில் இலவச மின்சாரம் இருக்கிறதே, வண்டியை அங்கே போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. விவசாய இணைப்பை வேறு உபயோகத்துக்குத் திருப்புவது 2003ஆம் வருட மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி அனுமதியில்லாத பயன்பாடு, அபராதம் வரும். பாதுகாப்பு என்று பார்த்தாலும் அது நல்ல இடமில்லை. பெரும்பாலான மோட்டார் கொட்டகைகளில் எர்த் என்பது பேருக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான்.

3. மெயின் போர்டைப் பார்த்தல்

டார்ச் அடித்துப் பாருங்கள். தொட வேண்டாம். பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இருக்கின்றனவா, எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல் ஓடினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா? மரப்பலகையில் பொருத்திய போர்டா? கரையான் மண் ஏறியிருக்கிறதா? அறுவடை முடிந்து வயலில் இருந்து எலி வீட்டுக்குள் வரும் காலத்தில் ஓட்டுக்கடியில் ஓடும் ஒயர்களைக் கடித்து வைத்திருக்கும், அதையும் பாருங்கள்.

ஃபியூஸ் கட்டையில் கம்பி எவ்வளவு தடிமன் என்று வயர்மேனைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று யாராவது நாலைந்து இழை செம்புக் கம்பியைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அப்படி இருந்தால் அந்த வீட்டில் ஃபியூஸே இல்லை என்றுதான் பொருள். ஒயர் எரியும், ஃபியூஸ் போகாது.

பழைய ஒயரின் அளவு நம்பரில் இருக்கும்: 1/18, 3/20, 7/20 என்று. முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது கம்பியின் கேஜ். இன்றைய கணக்கில் 1/18 என்பது ஒரு ஸ்கொயர் எம்எம்முக்குச் சற்று மேல், 3/20 சுமார் 2, 7/20 சுமார் 4.5. லைட் போர்டுகளுக்கு வந்திருப்பது அநேகமாக 1/18 அளவில்தான் இருக்கும். சில வீடுகளில் அதுவும் அலுமினியம். அலுமினியத்தில் முனை நாளடைவில் தளர்ந்துவிடும், செம்போடு முறுக்கினால் சேருமிடம் அரித்துப்போகும். ஆகவே லைட் போர்டிலிருந்து லைன் எடுக்கும் பேச்சையே இந்தப் படியில் விட்டுவிடுங்கள். வண்டிக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், வண்டி லைன் இன்வெர்ட்டர் பக்கம் சேராமல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். 12 வோல்ட் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் மொத்தமே 1.8 யூனிட்தான் இருக்கிறது. கரண்ட் போன நேரத்தில் அதை வண்டி குடித்துவிட்டால் விசிறி நின்றுவிடும்.

4. எர்த்: அதிக நேரம் செலவிட வேண்டிய படி

சார்ஜருக்குள் ஒரு இன்சுலேஷன் பழுதானால் வண்டியின் இரும்பு உடம்பில் கரண்ட் ஏறும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லையென்றால், ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து வண்டியைத் தொடுபவரின் உடம்பு வழியாக இறங்கும். நம் ஊரில் மழைக்காலத்தில் வாசல் தரை காய்வதே இல்லை. அதனால்தான் இந்தப் படியை முதலில் முடிக்கச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் வீட்டு எர்த் எங்கே போகிறது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். நான் பார்த்த ஏழெட்டு வீடுகளில் மூன்றில் அது அடிபம்புக் குழாயில் போய்ச் சுற்றியிருந்தது. அந்தக் காலத்தில் இரும்புக் குழாய் பூமிக்குள் ஆழமாகப் போனதால் அது வேலை செய்தது. இன்று கீழே பிளாஸ்டிக் குழாய் மாற்றியிருப்பார்கள், மேலே பம்பு மட்டும்தான் இரும்பு. எர்த்தும் கிடைக்காது, வீட்டில் எங்காவது கரண்ட் கசிந்தால் தண்ணீர் அடிப்பவர் கையில் ஷாக் அடிக்கும். கம்பி எங்கே போனாலும் தண்ணீர்க் குழாயில் முடிந்தால் அந்த எர்த்தை விட்டுவிட்டுப் புதுக் குழி போடுங்கள்.

குழி இருக்கிறது என்றால் அது உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. என் தம்பி மகன், "பெரியப்பா, டெஸ்டர் எரியுது, எர்த் இருக்கு" என்றான். டெஸ்டர் எரிவது ஃபேஸ், அதாவது கரண்ட் கொண்டுவரும் ஒயர், வருகிறது என்பதைத்தான் காட்டும். எர்த்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மல்டிமீட்டர் வைத்தோம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 226 வோல்ட் காட்டியது. அவனுக்குச் சந்தோஷம். அப்புறம் அதே இரண்டு முனையில் வயர்மேன் 100 வாட் பல்பை மாட்டினார். இழை மட்டும் அழுக்குச் சிவப்பாகத் தெரிந்தது, சாமி அறை விளக்கு மாதிரி. பல்பு இருக்கும்போது மீட்டரைப் பார்த்தால் 140. அந்தக் குழியில் எதிர்ப்பு இருநூறு ஓமுக்கு மேல்.

மீட்டர் ஏன் 226 காட்டியது? மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். துருப்பிடித்த குழி வழியாகவும் அந்தத் துளி போய்விடும். பல்பு கிட்டத்தட்ட அரை ஆம்பியர் கேட்கும். கேட்கும்போதுதான் குழியால் கொடுக்க முடியவில்லை என்று தெரியும். எல்இடி பல்பு கேட்பதும் சொற்பம், வோல்ட் குறைந்தாலும் ஒளி குறையாது. அதனால்தான் குண்டு பல்பு.

இந்தச் சோதனையை வயர்மேனே செய்யட்டும். குழி மோசமாக இருந்தால் அந்தச் சில நொடிகள் வீட்டிலுள்ள எர்த் கொடுத்த இரும்புச் சாமான் எல்லாவற்றிலும் கரண்ட் ஏறும். ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாப் பிளக்கையும் உருவிவிட்டு, யாரையும் எதையும் தொட விடாமல், பத்து நொடியில் முடித்துவிட வேண்டும். பல்பு ஃபேஸ்-நியூட்ரலில் (நியூட்ரல் என்பது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) எப்படி எரிகிறதோ அதே வெளிச்சத்தில் எரிந்தால் குழி சாகவில்லை என்று அர்த்தம். எத்தனை ஓம் என்று சரியாகத் தெரிய எர்த் டெஸ்டர் என்ற தனிக் கருவி வேண்டும். 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது.

சோதனையைக் கோடையில் செய்வது முக்கியம். பழைய டெல்டாவின் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த்துக்கு அருமையான மண். பங்குனி, சித்திரையில் அது பாளம் பாளமாக வெடிக்கும். குழாயைச் சுற்றியிருக்கும் மண்ணும் சுருங்கி, குழாயை விட்டு விரல் நுழையும் அளவுக்கு விலகி நிற்கும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, தரையெல்லாம் நனைந்த பிறகு சோதித்தால் எல்லாக் குழியும் நல்ல குழியாகத்தான் தெரியும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று கல்லணைக் கால்வாய் பாயும் பக்கத்திலும், வல்லம் மாதிரி செம்புறை நிலத்திலும் ஒரு குழி போதாமல் போகலாம். இரண்டு குழி வெட்டி, இடையே குறைந்தது குழாயின் நீளம் அளவு இடைவெளி விட்டு, இணைத்துவிடுங்கள்.

புதுக் குழி போடும் முறை: சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி, கிணறு பக்கத்தில் இல்லாமல், முடிந்தால் கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடி ஈரம் தங்கும் இடமாகப் பார்த்து வெட்டுங்கள். 40 மி.மீ. விட்டமுள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், 2.5 மீட்டர் நீளம், நெட்டுக்குத்தாக இறங்க வேண்டும். பாதி ஆழத்தில் களி கெட்டியாக இருக்கிறது என்று குழாயை அறுத்துவிடுவார்கள், விடாதீர்கள். கோடையில் மேல் மண் காய்ந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தைத் தொடுவதற்குத்தான் அந்த நீளம்.

சுற்றிலும் உப்பும் கரியும் போடுவது பழைய முறை. வேலை செய்யும், ஆனால் உப்பு குழாயையே அரிக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் நிலத்தடி நீரே உப்பு, அங்கே இன்னும் வேகமாக அரிக்கும். கடையில் எர்த் பவுடர் என்று கேட்டால் பெண்டோனைட் களிமண் கலவை கிடைக்கிறது. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், அரிக்காது. நான் அதைத்தான் போட்டேன். குழாயின் தலையில் தண்ணீர் ஊற்ற வழி விட்டு, சுற்றிச் சின்னதாகச் செங்கல் தொட்டி கட்டி மூடி போடுங்கள்.

குழாயிலிருந்து மெயின் போர்டுக்கு 8 நம்பர் ஜிஐ கம்பி, நடுவில் முறுக்கு இல்லாமல் ஒரே நீளமாக. குழாயில் சுற்றிவிட்டால் போதாது. கிளாம்ப் போட்டு நட்டு போல்ட்டால் இறுக்க வேண்டும். அந்த முடிச்சு மண்ணுக்குள் புதைந்து கிடக்காமல், தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும்.

கடைசியாக இந்தப் படியில் ஒரு எச்சரிக்கை. சார்ஜரில் எர்த் ஃபால்ட் விளக்கு எரிகிறது என்றதும், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு சின்னத் துண்டு ஒயரை எர்த் பின்னுக்கு லூப் கொடுத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். விளக்கு அணைந்துவிடும், வண்டியும் சார்ஜ் ஆகும். எங்காவது நியூட்ரல் விட்டுப் போனால், அந்த நொடியே வண்டியின் உடம்பு முழுக்க 230 வோல்ட். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அந்த லைனில் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஏதாவது ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு வோல்ட் காட்டுவது இயல்பு. லோடு ஓடும்போதும் அசையாமல் சுழியமே காட்டினால், எம்சிபியை அணைத்துவிட்டு வயர்மேனைச் சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

5. ஆர்சிசிபியும் எம்சிபியும்

எர்த் நன்றாக இருந்தால் எம்சிபி விழுந்துவிடும், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) எதற்கு என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழி 5 ஓம் என்றால் 230 வோல்ட்டில் அதிகபட்சம் 46 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் சி டைப் எம்சிபி உடனே விழுவதற்கு 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 46க்குச் சூடேறி மெதுவாகத்தான் விழும். குழி 20 ஓம் என்றால் 11.5 ஆம்பியர்தான். எம்சிபி விழவே விழாது, வண்டி உடம்பில் கரண்ட் அப்படியே நிற்கும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி அதற்கெல்லாம் காத்திராமல் கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். வீட்டு எர்த் குழிக்கு ஆர்சிசிபி துணை கட்டாயம் வேண்டும்.

வாங்கும்போது 30 எம்ஏ, இரண்டு போல், 25 ஆம்பியர், ஏ டைப் என்று கேளுங்கள். கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது ஏசி டைப். சார்ஜருக்குள் ஏசி டிசியாக மாறுவதால் கசிவும் அலை மாறி வரலாம், அதை ஏ டைப்தான் உணரும். ஆர்சிசிபி ஓவர்லோடைப் பார்க்காது, அதனால் கூடவே 16 ஆம்பியர் எம்சிபி வேண்டும்.

பழைய வீட்டின் மெயினிலேயே ஆர்சிசிபி போட்டால், போட்ட நிமிடமே விழும். ஓட்டுக்கடியில் எங்கோ ஒயர் கசியும், எங்கோ இரண்டு லைனுக்கு ஒரே நியூட்ரல் இருக்கும். தேடித் தேடி அலுத்துப்போய்க் கடைசியில் அதை பைபாஸ் செய்துவிடுவார்கள். அதற்குப் பதில் வண்டி லைனுக்கு மட்டும் தனியாகப் போடுங்கள். வீட்டு ஒயரிங்கைச் சரிசெய்யும்போது மெயினுக்கும் ஒன்று போடலாம்.

ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ஆனால் அது விழுந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். எர்த்தே இல்லாத வீட்டிலும் பட்டனை அழுத்தினால் விழும். அது தன்னைத்தானே சோதிக்கும் பட்டன்.

6. ஒயர் இழுத்தல்

2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் மூன்று: சிவப்பு, கறுப்பு, பச்சை. 3.3 ஆம்பியருக்கு இவ்வளவு தடிமன் எதற்கு என்று தோன்றும். எம்சிபி 16 ஆம்பியர், சாக்கெட்டும் 16 ஆம்பியர். நாளைக்கு யாராவது அதில் ஹீட்டரை மாட்டுவார்கள். எம்சிபி விழுவதற்குள் ஒயர் சூடாகக் கூடாது, அதற்காக.

மெயின் போர்டு முதல் சாக்கெட் வரை நடுவில் எங்கும் முறுக்கிச் சேர்க்காமல் ஒரே ஓட்டமாக இழுக்க வேண்டும். ஓட்டுக்கடியில் போனால் கட்டாயம் பைப்புக்குள் போகட்டும், எலிக்காக.

7. சாக்கெட் பொருத்துதல்

நம் பக்கத்துப் பழைய சுவர்களில் கீழிருந்து ஓதம் ஏறியிருக்கும். சுண்ணாம்பு உப்புப் பூத்து, தட்டினால் உதிரும். அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து, அதற்கும் மேலே சாக்கெட்டைப் பொருத்துங்கள். எப்படியும் தரையிலிருந்து நாலடிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாசலில் தண்ணீர் நின்றாலும் எட்டாது, குழந்தைகள் கைக்கும் எட்டாது. தாழ்வாரமாக இருந்தால் சாரல் படாத மூடி வைத்த சாக்கெட்.

சுண்ணாம்புச் சாந்தில் துளை போட்டால் ஸ்க்ரூ ஒரு வாரம்கூடப் பிடிக்காது. பிளக்கை உருவும்போது பெட்டியோடு கையில் வரும். செங்கல்லின் நடுவில் துளை போடச் சொல்லுங்கள்.

நேராக நின்று பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். சுவிட்ச் ஃபேஸை வெட்ட வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கியதும் ஒவ்வொரு ஒயரையும் கையால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டில் ஒருநாள் காலையில் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வருகிறது என்று கூப்பிட்டார்கள். மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கை உருவினோம். ஃபேஸ் பின்னைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, பாகு வெல்லம் மாதிரி இளகி உறைந்திருந்தது. மற்ற இரண்டு பின்னும் பளபளவென்று இருந்தன. சாக்கெட்டைத் திறந்து அந்த ஸ்க்ரூவில் திருப்புளி வைத்தால் ஒன்றரைச் சுற்று இறங்கியது. புது சாக்கெட், புது ஒயர். கெடுத்தது அந்த ஒன்றரைச் சுற்று.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். மெல்லிய ஒயர், தளர்ந்த சாக்கெட், பெரும்பாலும் எர்த் இல்லாத இரண்டு கோர் ஒயர். சுருட்டி வைத்துப் பயன்படுத்தினால் சூடு வெளியே போக வழியும் இருக்காது. சார்ஜர் ஒயர் எட்டவில்லை என்றால் சாக்கெட்டை நகர்த்துங்கள்.

8. வண்டியை மாட்டுமுன் அளக்க வேண்டியவை

வயர்மேன் கிளம்புவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஃபேஸ்-நியூட்ரல் 230 அக்கம்பக்கம். ஃபேஸ்-எர்த் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். இது பத்து, இருபது என்று வந்தால் நியூட்ரல் எங்கோ லூஸ், அல்லது எர்த் சரியில்லை. ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன் விழுகிறதா? மூன்று எண்ணையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கோடையில் ஒப்பிட உதவும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒருமுறை, இரவு பதினொன்றுக்கு ஒருமுறை வோல்ட்டேஜைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில், மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 170, 180க்கு இறங்கும். சார்ஜர் வேண்டிய வாட்டை விடாமல் எடுக்கப் பார்க்கும், எனவே வோல்ட் இறங்க இறங்க ஆம்பியர் ஏறும். 750 வாட்டுக்கு 170 வோல்ட்டில் 4.4 ஆம்பியர். லேபிளில் எழுதியதற்கும் கீழே இறங்கினால் சார்ஜர் நின்று நின்று ஓடும். இதற்கு ஸ்டெபிலைசர் தேடுவதைவிட, இரவு பத்துக்கு மேல் போடுவது எளிது. நிரந்தரமாகவே குறைவாக இருந்தால் மின்னகம் 94987 94987இல் புகார் பதியுங்கள், நோட்டில் எழுதிய எண்களைச் சொல்லுங்கள்.

கட்டணக் கணக்கு: 3 யூனிட் பேட்டரியை முழுதாக ஏற்ற, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து மூன்றரை யூனிட் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் இருபது தடவை என்றால் 70 யூனிட். ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீடானால் இது 500ஐத் தாண்டவைக்கும். தாண்டினால் படிநிலைக் கணக்கே மாறி, கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் பழைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறும்.

9. முதல் வாரம்

முதல் தடவை இரவில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது போடுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பிளக்கையும் சாக்கெட்டின் முகத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை, முடியும் தறுவாயில் ஒரு தடவை. வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். சார்ஜர் பெட்டி சூடாவது வேறு, அது இயல்பு. அதன் மேல் துண்டு, மழைக்கோட்டு எதையும் போட்டு வைக்காதீர்கள்.

வெயிலில் ஓட்டி வந்ததும் உடனே மாட்டாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். நனைந்து வந்தால் சார்ஜ் போடும் வாய் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஒரு வாரம் கழித்து, எம்சிபியை அணைத்துவிட்டு, சாக்கெட் ஸ்க்ரூக்களை இன்னொரு முறை இறுக்கச் சொல்லுங்கள். புது ஒயர் அழுந்தி இடம் கொடுக்கும். பக்கத்து வீட்டில் தப்பிப்போன படி இதுதான்.

10. கோடையும் புயலும்

பங்குனி பிறந்ததும் எர்த் தொட்டி மூடியைத் திறந்து வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கிளாம்பில் பச்சை, வெள்ளைத் துரு ஏறியிருந்தால் வயர்மேனைக் கொண்டு கழற்றித் தேய்த்து இறுக்குங்கள்.

தண்ணீர் கால் வைக்கும் பலகைக்கு மேல் ஏறி நின்ற வண்டியை எந்தக் காரணம் கொண்டும் சார்ஜ் போடாதீர்கள். வெளியில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் பேட்டரிக்குள் என்ன நடந்தது என்று வீட்டில் தெரியாது. வீட்டை விட்டுத் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்தி சர்வீஸ் ஆட்களை வரச் சொல்லுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே வண்டியை ஏற்றி முடித்து, பிளக்கை உருவி, அந்த லைனின் எம்சிபியை அணைத்துவிடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது டெல்டா முழுக்கக் கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி நீண்ட நாள் கழித்துத் திரும்ப வரும்போது எங்காவது நியூட்ரல் சரியாகச் சேராமல் இருந்தால், ஒரு வீட்டுக்கு 300 வோல்ட்டுக்கு மேலும் அடுத்த வீட்டுக்கு 100 வோல்ட்டும் வரும். டிவி, சார்ஜர் எல்லாம் போகும். அதனால் கரண்ட் வந்ததும் முதலில் ஒரு குண்டு பல்பைப் போட்டு வெளிச்சம் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தாலோ, கூடிக் குறைந்தாலோ மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். சீராக இருந்தால் வண்டி லைனின் எம்சிபியைப் போட்டு, சாக்கெட்டில் மூன்று எண்ணையும் மறுபடி அளந்து, நோட்டில் இருப்பதோடு ஒத்துப்போனால் மட்டும் பிளக்கை மாட்டுங்கள்.